இரத்தத்தின் வழியைக் கண்ட ஹக்கீம் இப்னுந் நபீஸ் (ரஹ்)

இகாமத்துச் சொல்லும் ஓசை காதில் விழுந்துவிடுகிறது. முதல் ரக்அத்து தவறிவிடுமே என்று தெருமுனையிலிருந்து ஓட்டமாக வந்து ஸஃப்பில் சேர்ந்து நிற்கிறோம். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, மூச்சு இரைக்கிறது, ஓதுவது நாவில் இருக்கிறதே தவிர மனத்தில் தங்கவில்லை. தொழுகைக்கு ஓடி வராமல் அமைதியுடன் நடந்து வரும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குப் பணித்திருப்பதன் அருமை அப்போதுதான் புரிகிறது. ஆனால், இரண்டாவது ரக்அத்துக்கு எழுந்து நிற்கும்போது கவனித்தால், மூச்சு அடங்கியிருக்கும். நெஞ்சின் அடியும் பழைய நடைக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். அதை அடங்கச் சொல்லி நாம் கட்டளை ஒன்றும் இடவில்லை. உள்ளே ஏதோ ஓர் ஏற்பாடு, கூடியதைக் குறைத்து, குறைந்ததைக் கூட்டி, நம்மைக் கேளாமலேயே சமன் செய்துவிட்டது.

பழைய ஹக்கீம்கள் இந்தச் சமநிலைக்கு இஃதிதால் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது கெட்டால் நோய்; அது திரும்பினால் சுகம். இன்றைய மருத்துவமும் வேறு சொற்களால் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. அந்தச் சமநிலைக்கு உயிர்நாடியாக இருப்பது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் இடையே இரத்தம் போய்வரும் பாதை. அப்பாதையை முதன்முதலில் சரியாக எழுதி வைத்தவர்கள் பிக்ஹுப் பாடமும் நடத்திய ஒரு ஷாபிஈ மத்ஹபு ஆலிம் என்பது நம் வீடுகளில் பலருக்குத் தெரியாது. ஆகவே அன்னாரின் வரலாற்றைச் சற்று விரிவாகவே காண்போம்.

அலாவுத்தீன் அபுல் ஹஸன் அலீ இப்னு அபில் ஹஸ்ம் அல்குறஷீ என்பது முழுப்பெயர். உலகம் அறிந்த பெயர் இப்னுந் நபீஸ். ஹிஜ்ரி 607ஐ ஒட்டி, அதாவது கி.பி. 1210க்கும் 1213க்கும் இடையில், திமிஷ்கு (டமாஸ்கஸ்) வட்டாரத்தில் பிறந்தார்கள். அந்நகரில் ஸுல்தான் நூருத்தீன் ஸங்கி 1154இல் நிறுவிய பெரிய மருத்துவமனை, நூரி பீமாரிஸ்தான், அப்போது புகழோங்கி இருந்தது. நோயாளிக்கு மருந்து கொடுக்கும் இடமாக மட்டுமின்றி, மாணவர்களுக்குப் பாடம் சொல்லும் இடமாகவும் அது விளங்கிற்று. அங்கே தலைசிறந்த ஆசிரியராக இருந்தவர் முஹத்தபுத்தீன் அத்தக்வார். தம் சொந்த வீட்டையே மருத்துவக் கல்விக்காக வக்பு செய்துவிட்டு 1230இல் மறைந்த பெரியவர் அவர். அவருடைய மாணவர்களாக இருவர் வரலாற்றில் இடம்பெற்றார்கள். ஒருவர் இப்னு அபீ உஸைபிஆ. மருத்துவர்களின் வாழ்க்கைகளைத் தொகுத்துப் பெருநூல் எழுதியவர். மற்றொருவர் நம் இப்னுந் நபீஸ். நானூறு பேருக்கு மேல் எழுதிய அந்தத் தோழர், தம்மோடு படித்த இவரைப் பற்றித் தம் நூலில் தனி வரலாறு எழுதாமல் விட்டுவிட்டார். காரணம் என்னவென்று ஆராய்ச்சியாளர்கள் பலவாறு ஊகிக்கிறார்கள். நாம் அந்த ஊகங்களுக்குள் புக வேண்டாம்.

மருத்துவத்தோடு அன்னார் நின்றுவிடவில்லை. ஹதீஸ், பிக்ஹு, அரபு இலக்கணம், தர்க்கம் ஆகியவற்றையும் முறையாகக் கற்றார்கள். இமாம் அபூ இஸ்ஹாக் ஷீராஸி (ரஹ்) அவர்களின் தன்பீஹ் என்னும் ஷாபிஈ பிக்ஹு நூலுக்கு விளக்கவுரை எழுதினார்கள். ஹதீஸ் கலையின் அடிப்படைகள் பற்றியும் ஒரு சிறு நூல் உண்டு. ஷாபிஈ மத்ஹபின் அறிஞர்களுடைய வரலாறுகளைத் தொகுத்த இமாம் தாஜுத்தீன் ஸுப்கீ (ரஹ்) இவர்களையும் அந்த வரிசையில் சேர்த்திருக்கிறார்கள். வைத்தியர் ஒருவருக்கு இது எளிதில் கிடைக்கும் இடமன்று.

இங்கே ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. ரியாளுஸ் ஸாலிஹீன் மூலம் நம் வீடுகளிலெல்லாம் அறிமுகமான இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 1233இல் பிறந்தவர்கள். அதே நூற்றாண்டில் அதே திமிஷ்கில் ஓதியவர்கள். அதே தன்பீஹ் நூலை மனனம் செய்தவர்கள். அவர்களுக்கும் ஒரு சமயம் மருத்துவம் கற்க ஆசை எழுந்தது. இப்னு ஸீனாவின் கானூன் நூலை விலைக்கு வாங்கினார்கள். வாங்கிய நாள் முதல் உள்ளம் இருண்டு, சில நாட்கள் எந்தப் பாடத்திலும் மனம் செல்லாமல் போகவே, நூலை விற்றுவிட்டுப் பழைய ஓதலுக்குத் திரும்பினார்கள். கானூனை விற்றவரும் ஷாபிஈ இமாம். அதற்கு விளக்கவுரை எழுதியவரும் ஷாபிஈ ஆலிம். அல்லாஹ் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வேலையை எளிதாக்கி வைக்கிறான். ஒருவர் வழியைக் காட்டி மற்றவரைக் குறை சொல்வோர் நம்மிடையே உண்டு. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்ப்பது அவர்களுக்கு நல்லது.

இப்னுந் நபீஸ் (ரஹ்) அவர்கள் பின்னர் கெய்ரோவில் குடியேறினார்கள். மருத்துவத்தில் படிப்படியாக உயர்ந்து மிஸ்ரு நாட்டின் தலைமை மருத்துவர் என்னும் பதவியை அடைந்தார்கள். அதே நகரின் மஸ்ரூரிய்யா மத்ரஸாவில் பிக்ஹுப் பாடமும் நடத்தினார்கள். அது அமைதியான காலம் அன்று. 1258இல் பக்தாத் தாத்தாரியர் கையில் அழிந்தது. 1260இல் அவர்கள் பிறந்த மண்ணான திமிஷ்கும் அவர்கள் வசமாகி, அதே ஆண்டில் ஐனு ஜாலூத் போருக்குப் பின் மீண்டது. நூல்கள் ஆற்றிலும் நெருப்பிலும் போன அந்த நாட்களில், ஒருவர் உட்கார்ந்து நூல்களாக எழுதிக் குவித்துக்கொண்டிருந்தார்.

எழுதும் விதமே தனி என்கிறார்கள், அவர்கள் காலத்தை அடுத்து வாழ்ந்த உமரீ, ஸபதீ போன்ற வரலாற்றாசிரியர்கள். சீவிய எழுதுகோல்களை முன்னதாகவே வரிசையாக எடுத்து வைக்கச் சொல்வார்கள். சுவரை நோக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டு, எந்த நூலையும் புரட்டாமல், மனத்திலிருந்தே எழுதத் தொடங்குவார்கள். வெள்ளம் போலப் பாயும் எழுத்து. கோல் மழுங்கினால் சீவிக்கொண்டிருக்க நேரமில்லை. அதை எறிந்துவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். ஒரு நாள் பொதுக் குளிப்பறைக்குச் சென்றிருந்தார்கள். பாதிக் குளியலில் எழுந்து, ஆடை மாற்றும் அறைக்கு வந்து, மையும் கோலும் தாளும் வரவழைத்து, நாடித் துடிப்பைப் பற்றி ஒரு முழுக் கட்டுரையை எழுதி முடித்தார்கள். பிறகுதான் உள்ளே சென்று குளியலைப் பூர்த்தி செய்தார்கள்.

உயரமான, மெலிந்த உருவம். திருமணம் செய்துகொள்ளவில்லை. கெய்ரோவில் பளிங்கு பதித்த அழகிய வீடு ஒன்றைக் கட்டியிருந்தார்கள். அங்கே இரவு நேரங்களில் அமீர்களும் மருத்துவர்களும் ஆலிம்களும் கூடுவார்கள். ஒரு முறை காஜி இப்னு வாஸில் என்னும் வரலாற்றறிஞரோடு இஷாவுக்குப் பின் தொடங்கிய விவாதம் விடியும்வரை நீண்டது. எதிரிலிருந்தவருக்குக் குரல் உயர்ந்தது, கண் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. இவர்களோ தொடக்கத்தில் பேசிய அதே தணிந்த குரலில் பேசி முடித்தார்கள். இறுதியில் காஜி அவர்களே, தம்மிடம் இருப்பவை சில விதிகளும் குறிப்புகளுந்தான், இவரிடமோ அறிவுக் களஞ்சியங்கள் இருக்கின்றன என்று ஒப்புக்கொண்டார்களாம்.

வைத்தியத்தில் அன்னார் கடைப்பிடித்த ஒழுங்கு நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு மிகவும் பிடிக்கும். உணவை மாற்றினால் தீரும் நோய்க்கு மருந்து எழுத மாட்டார்கள். ஒற்றை மருந்தால் தீருமானால் பல சரக்குக் கூட்டிய மருந்துக்குப் போக மாட்டார்கள். இதனால் மருந்துக் கடைக்காரர்களுக்குத்தான் சங்கடம். அவர்கள் உட்கார்ந்து நோயாளிகளைப் பார்த்துவந்த கடையின் உரிமையாளர் ஒரு நாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டார். இப்படிப்பட்ட குறிப்புகளைத்தான் எழுதுவதென்றால் இறைச்சிக் கடையில் போய் உட்காரலாம். தம் கடையில் இருப்பதாயின் சர்க்கரையும் ஷர்பத்தும் மருந்தும் மட்டுமே எழுத வேண்டும் என்பது அவர் முறையீடு. இந்த முறையீடு அந்த ஒரு கடைக்காரரோடு முடிந்துபோன சங்கதி என்று நமக்குத் தோன்றவில்லை.

இனி, அன்னாரின் பெயரை நிலைநிறுத்திய செய்திக்கு வருவோம்.

கி.பி. 129இல் பிறந்த ஜாலீனூஸ் என்னும் கிரேக்க மருத்துவர், குரங்கு, பன்றி போன்றவற்றை அறுத்துப் பார்த்து உடற்கூறு எழுதியவர். அவர் கொள்கைப்படி, உண்ட உணவு கல்லீரலில் இரத்தமாகிறது. அங்கிருந்து நரம்புகள் வழியே உடலெங்கும் சென்று செலவாகிவிடுகிறது. ஒரு பகுதி மட்டும் இதயத்தின் வலப்பக்க அறைக்கு வருகிறது. வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் நடுவே உள்ள சதைச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியே இரத்தம் கசிந்து இடப்பக்கம் போய், நுரையீரலிலிருந்து வரும் காற்றோடு கலந்து உயிர்ச்சக்தி ஆகிறது. இதுதான் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக உலகம் நம்பி வந்தது. 1037இல் மறைந்த மாமேதை இப்னு ஸீனாவும் இதையே கானூனில் எழுதினார்கள். இதயத்துக்கு மூன்று அறைகள் என்று அரஸ்தூவைத் தழுவியும் எழுதியிருந்தார்கள்.

இப்னுந் நபீஸ் (ரஹ்) அவர்களுக்கு ஜாலீனூஸின் வளவள நடை பிடிக்காது. இப்னு ஸீனாவின் மீதோ அளவற்ற மதிப்பு. கானூனை மக்கள் விரும்பிப் படிக்கும்படி செய்தவர்களே இவர்கள்தாம். அதைச் சுருக்கி இவர்கள் எழுதிய மூஜஸ் என்னும் கைந்நூல் அதற்குப் பின் எழுந்த பல உரைகளுக்கு மூலமாயிற்று. அவ்வுரைகளுள் நபீஸீ எனப்படும் ஒன்று நம் இந்திய நாட்டின் யூனானி மாணவர்கள் கைகளிலும் தலைமுறை தலைமுறையாகப் புழங்கியது. அப்படிப்பட்டவர்கள் கானூனில் சிதறிக் கிடந்த உடற்கூற்றுப் பகுதிகளை ஒன்றுசேர்த்து விளக்கவுரை எழுத உட்கார்ந்தார்கள். ஹிஜ்ரி 640 (கி.பி. 1242) என்று தேதியிட்ட அதன் பிரதி ஒன்று கிடைத்திருக்கிறது. ஆகவே, முப்பதை ஒட்டிய வயதிலேயே அதை எழுதிவிட்டார்கள் என்று தெரிகிறது.

அதில் அன்னார் தம் ஆசான் போல மதித்த இப்னு ஸீனாவை எதிர்த்தே எழுதினார்கள். இதயத்துக்கு அறைகள் இரண்டுதாம்; மூன்றன்று. நடுச்சுவர் கெட்டியானது; கண்ணுக்குத் தெரியும் துளையும் அதில் இல்லை, ஜாலீனூஸ் எண்ணிய கண்ணுக்குத் தெரியாத துளையும் இல்லை. அப்படியானால் வலப்பக்க இரத்தம் இடப்பக்கம் வந்து சேருவது எப்படி? வலப்பக்க அறையிலிருந்து நுரையீரலுக்குச் செல்லும் பெரிய குழாய் வழியே இரத்தம் நுரையீரலுக்குப் போகிறது; அதன் சதையெங்கும் பரவிக் காற்றோடு கலக்கிறது; பின்பு இன்னொரு குழாய் வழியே இதயத்தின் இடப்பக்க அறைக்குத் திரும்புகிறது. வேறு வழியே கிடையாது என்று முடிவு கட்டினார்கள். போகும் குழாயின் சுவர் ஏன் இரட்டை அடுக்காகத் தடித்திருக்கிறது, வரும் குழாயின் சுவர் ஏன் ஒற்றை அடுக்காக மெலிந்திருக்கிறது என்பதற்கும் இதிலிருந்தே காரணம் கண்டார்கள். இரண்டு குழாய்களுக்கும் இடையில் நுண்ணிய வழிகள் இருந்தாக வேண்டும் என்றும் எழுதினார்கள். அந்த வழிகளை, அதாவது தந்துகிகளை, தவளையின் நுரையீரலில் பூதக்கண்ணாடி கொண்டு இத்தாலியரான மல்பீகி கண்டது 1661இல். இதயம் தன் அறைக்குள் கிடக்கும் இரத்தத்திலிருந்து உணவு பெறுவதில்லை, தன் சதைக்குள் ஓடும் தனிக் குழாய்களிலிருந்தே பெறுகிறது என்பதும் அவர்கள் எழுதியதே. இன்று மாரடைப்பு என்று கேட்டதும் நாம் பதறுகிறோமே, அது அடைபடுவது இந்தக் குழாய்களில்தான்.

நடுச்சுவரின் கதையை இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். சில குழந்தைகள் பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டையோடு பிறக்கின்றன. கீழறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் ஓட்டை இருந்தால் என்ன நிகழ்கிறது? உடலெங்கும் இரத்தத்தைத் தள்ளும் இடப்பக்க அறையில் அழுத்தம் அதிகம். பக்கத்திலேயே இருக்கும் நுரையீரலுக்குத் தள்ளும் வலப்பக்க அறையில் அழுத்தம் குறைவு. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். ஆகவே இரத்தம் இடமிருந்து வலமாகப் பாய்கிறது. ஜாலீனூஸ் சொன்னதோ வலமிருந்து இடம். இயற்கை என்று அவர் எண்ணிய துளை உண்மையில் ஒரு பிணி. அந்தப் பிணியிலும் ஓட்டம் அவர் சொன்ன திசைக்கு நேர் எதிர்.

அன்னார் பிரேதத்தை அறுத்துப் பார்த்தார்களா என்னும் கேள்வியை நம் வீட்டிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகள் கேட்பதுண்டு. ஷரீஅத்தும் தம் உள்ளத்திலுள்ள இரக்கமும் அதைத் தடுத்துவிட்டன, ஆகவே முன்னோர் எழுதியவற்றையே ஆதாரமாகக் கொண்டேன் என்னும் கருத்தை அன்னாரே முன்னுரையில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் நூலின் உள்ளே, அறுத்துப் பார்த்தால் இது பொய்யாகிவிடும் என்ற தோரணையில் சில இடங்களில் எழுதியிருப்பதால், விலங்குகளின் உறுப்புகளையாவது பார்த்திருப்பார்கள் என்று சில ஆராய்ச்சியாளர்கள் வாதிடுகிறார்கள். அன்னார் சொன்ன சொல்லை அப்படியே ஏற்பதுதான் முறை என்று நாம் கருதுகிறோம். அப்படி ஏற்றால் அவர்கள் பெருமை குறைவதில்லை. கத்தி எடுக்காமலேயே சிந்தனையால் அந்தச் சுவரைச் சோதித்தார்கள் என்றாகும்.

மேடைகளில் சிலர் ஆர்வ மிகுதியால் இரத்த ஓட்டம் முழுவதையும் இப்னுந் நபீஸ் கண்டுபிடித்துவிட்டதாகப் பேசுகிறார்கள். அது சரியன்று. இல்லாததைச் சேர்த்துப் புகழ்வது அன்னாருக்குச் செய்யும் மரியாதையும் ஆகாது. அவர்கள் கண்டது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் இடையிலான பாதை. கல்லீரலில் இரத்தம் பிறக்கிறது என்பதையும், உயிர்ச்சக்தி இடப்பக்க அறையில் உருவாகிறது என்பதையும் அவர்களும் நம்பினார்கள். இரத்தம் உடலெங்கும் சுற்றித் திரும்ப இதயத்துக்கே வருகிறது என்று நிறுவியது ஆங்கிலேயரான ஹார்வி, 1628இல். நுரையீரல் வழியை ஐரோப்பாவில் 1553இல் ஸர்வீட்டஸும், 1559இல் கொலம்போவும் எழுதினார்கள். திமிஷ்கில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் வாழ்ந்த அல்பாகோ என்னும் இத்தாலிய மருத்துவர் மொழிபெயர்த்த இப்னுந் நபீஸின் உரைப்பகுதி ஒன்று 1547இல் வெனிஸ் நகரில் அச்சாயிற்று. அது மருந்துகளைப் பற்றிய பகுதி. ஆகவே அவர்கள் இவரிடமிருந்து எடுத்தார்கள் என்று அடித்துச் சொல்ல இதுவரை சான்று இல்லை.

சமநிலையைப் பற்றி அன்னார் என்ன நினைத்தார்கள்? காமில் என்னும் மனிதன் ஆளில்லாத தீவில் தனியே தோன்றி, தானே பார்த்தும் சிந்தித்தும் உடலின் அமைப்பையும், படைத்தவனையும், நுபுவ்வத்தின் தேவையையும் அறிந்துகொள்வதாக ஒரு நூல் எழுதியிருக்கிறார்கள். ரிஸாலத்துல் காமிலிய்யா என்பது அதன் பெயர். உடலும் அதன் உறுப்புகளும் ஓயாமல் கரைந்துகொண்டும், உணவால் ஓயாமல் நிரம்பிக்கொண்டும் இருக்கின்றன, ஆகவே அவை எப்போதும் மாறிக்கொண்டே இருக்கின்றன என்னும் கருத்து அதில் வருகிறது. நிலையாக இருப்பது போல நமக்குத் தோன்றும் இந்த உடம்பு, ஓடும் ஆற்றைப் போன்றது. தண்ணீர் வேறு வேறு, ஆறு ஒன்று.

இந்த உண்மையின் நுட்பங்கள் பிற்காலத்தில்தான் தெரிய வந்தன. பிரெஞ்சு அறிஞர் க்ளோட் பெர்னார் (1813–1878), உடலின் அணுக்கள் வெளியுலகில் வாழவில்லை, தம்மைச் சூழ்ந்த உள் திரவத்தில் வாழ்கின்றன, அந்த உட்சூழல் மாறாமல் இருப்பதே உயிர் சுதந்திரமாக வாழ வழி என்று காட்டினார். அமெரிக்கரான வால்டர் கானன் 1926இல் இதற்கு ஹோமியோஸ்டாசிஸ் என்று பெயரிட்டார். நம் இஃதிதாலுக்கு ஏறக்குறைய நெருங்கிய சொல். ஆனால் பழையவர்கள் இரத்தம், சளி, பித்தம், கரும்பித்தம் என்னும் நான்கின் கலவையில் சமநிலையைத் தேடினார்கள். இவர்கள் உப்பு, சர்க்கரை, வெப்பம், வாயு ஆகியவற்றின் அளவில் தேடினார்கள். சொல் நெருங்கியதால் பொருளும் ஒன்றே என்று எண்ணிவிடக் கூடாது.

ஓடி வந்து ஸஃப்பில் நின்றவரிடம் திரும்புவோம். சும்மா இருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் 70 முறை அடித்து ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தைத் தள்ளுகிறது. நம் உடம்பில் உள்ள இரத்தமே ஏறத்தாழ அவ்வளவுதான். அத்தனையும் இப்னுந் நபீஸ் (ரஹ்) காட்டிய பாதை வழியே நுரையீரலுக்குப் போகிறது. அங்கே பல கோடிக்கணக்கான சிறு காற்றுப் பைகள். அவற்றின் சுவர்களை விரித்தால் ஒரு சிறு வீட்டின் தரையளவு பரப்பு. ஓர் இரத்த அணு அங்கே தங்குவது ஒரு விநாடிக்கும் குறைவு. அதற்குள் கரியமில வாயுவை விட்டுப் பிராணவாயுவை ஏற்றிக்கொள்கிறது. ஓடும்போது தசைகள் கரியமில வாயுவை அதிகமாக உண்டாக்குகின்றன. அது கூடினால் இரத்தத்தில் அமிலத்தன்மை கூடும். மூளையின் அடியிலுள்ள முகுளம் என்னும் பகுதி அதை உடனே உணர்ந்து, மூச்சை வேகப்படுத்துகிறது. வாயு வெளியேறி அளவு சரியானதும் மூச்சும் தணிகிறது. அமிலமும் காரமும் காட்டும் அளவு 7.35க்கும் 7.45க்கும் இடையிலேயே நிற்க வேண்டும். அவ்வளவு குறுகிய வரம்பு.

நோன்பு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஸஹருக்குப் பின் உணவு இல்லை, தண்ணீர் இல்லை. சில மணி நேரத்தில் இரத்தத்தில் சர்க்கரை தாழத் தொடங்குகிறது. கணையம் இன்சுலினைக் குறைத்து, குளூக்ககான் என்னும் மற்றொரு சுரப்பைக் கூட்டுகிறது. கல்லீரல் தான் சேமித்து வைத்திருக்கும் மாவுப்பொருளைச் சர்க்கரையாக்கி இரத்தத்தில் விடுகிறது. அது குறையக் குறைய கொழுப்பு கரைந்து எரிபொருளாகிறது. தண்ணீர் குறைந்தால் மூளையிலிருந்து வரும் ஒரு சுரப்பு சிறுநீரகத்துக்குச் செய்தி சொல்கிறது. சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டரை வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டர் அளவையே வெளியே விடுபவை. செய்தி கிடைத்ததும் அதையும் சுருக்கிக்கொள்கின்றன. அஸருக்குப் பின் சிறுநீர் மஞ்சள் நிறம் கூடி வருவது இதனால்தான், நோயன்று. ஆனால் நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்த ஏற்பாடு பழுதுபட்டிருக்கிறது. இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர்கள் ரமலானுக்கு முன்பே மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையைப் பிடிவாதத்தால் மறுத்து மயங்கி விழுவது தக்வா ஆகாது.

இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு என்ன ஆயிற்று? தம் நூல்கள் தமக்குப் பின் பத்தாயிரம் ஆண்டுகள் நிலைக்கும் என்று அறியாவிட்டால் அவற்றை எழுதியே இருக்க மாட்டேன் என்னும் பொருள்பட அன்னார் ஒரு முறை கூறியதாக ஸபதீ எழுதியிருக்கிறார். ஆனால் பத்தாயிரம் போகட்டும், சில நூற்றாண்டுகளிலேயே இந்த விளக்கவுரையை ஓதுவார் அருகிவிட்டார்கள். சுருக்கமான மூஜஸ் பாடத்தில் நின்றது; சுவரைச் சோதித்த நூல் பேழையில் கிடந்தது. 1924இல் முஹ்யித்தீன் அத்தத்தாவீ என்னும் மிஸ்ரு நாட்டு இளம் மருத்துவர், ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, பெர்லின் நூலகத்தில் இருந்த கையெழுத்துப் பிரதியைப் படித்துத் திடுக்கிட்டார். அதையே தம் பட்ட ஆய்வாக எழுதினார். அந்த ஆய்வும் அப்போது அச்சேறவில்லை. கெய்ரோவில் வாழ்ந்த மாக்ஸ் மேயர்ஹோப் என்னும் ஜெர்மன் மருத்துவர் அதைப் பற்றி எழுதிய பிறகே உலகம் விழித்துக்கொண்டது. நம் பாட்டன் சொத்தின் பத்திரம் அடுத்தவர் அலமாரியில் இருந்தது. அதைப் படிக்கவும் நாம் அங்கேதான் போக வேண்டியிருந்தது. பிரதியைக் கெடாமல் காத்துவைத்தவர்களுக்கு நன்றி சொல்வதா, நம்மை நாமே நொந்துகொள்வதா என்று தெரியவில்லை.

அன்னாரின் இறுதிக் காலத்தில் கெய்ரோவில் ஒரு பெரிய மருத்துவமனை எழுந்தது. ஸுல்தான் கலாவூன் அமீராக இருந்த நாளில் திமிஷ்கில் கடும் வயிற்றுவலியால் துன்புற்று, நூரி பீமாரிஸ்தானின் மருந்தால் குணமடைந்தார். ஆட்சி கிடைத்தால் இது போன்ற ஒன்றைக் கட்டுவதாக அப்போது நேர்ந்துகொண்டார். அந்த நேர்ச்சை 1284–85இல் மன்ஸூரி பீமாரிஸ்தானாக நிறைவேறிற்று. அரசனும் அடிமையும், ஆணும் பெண்ணும், செல்வரும் ஏழையும் அனுமதிக்கப்பட வேண்டும் என்பது அதன் வக்பு நிபந்தனை. காய்ச்சலுக்கும், கண் நோய்க்கும், காயங்களுக்கும், வயிற்றுப்போக்குக்கும் தனித்தனிப் பகுதிகள் இருந்தன. அப்போது இப்னுந் நபீஸ் (ரஹ்) எழுபதைத் தாண்டிய முதியவர். அஷ்ஷாமில் என்னும் மருத்துவப் பெருந்தொகையை முந்நூறு பாகங்களாக எழுதத் திட்டமிட்டு, எண்பது பாகங்கள் வரை செம்மையாக எழுதி முடித்திருந்தார்கள்.

ஹிஜ்ரி 687 துல்கஃதா மாதம் நோயில் விழுந்தார்கள். ஆறு நாட்கள். சூழ இருந்தவர்கள் அவர்களிடம் படித்தவர்களும் உடன் தொழில் செய்தவர்களுமான மருத்துவர்கள். சிறிது மது அருந்தினால் இந்த நோய்க்கு இதமாக இருக்கும் என்று அவர்களில் சிலர் ஆலோசனை சொன்னார்கள். அக்கால மருத்துவ நூல்களில் அது வழக்கமான குறிப்புதான். அன்னாருக்கும் அது தெரியும். ஆயினும், வயிற்றில் மதுவை வைத்துக்கொண்டு அல்லாஹ்வைச் சந்திக்க மாட்டேன் என்னும் கருத்தைக் கூறி மறுத்துவிட்டார்கள். தனி மதுவை மருந்தாக அருந்துவது கூடாது என்பதே ஷாபிஈ மத்ஹபின் வலுவான தீர்ப்பு. அந்தச் சட்டத்தை மத்ரஸாவில் பிறருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் தம் படுக்கையில் தமக்கென்று ஒரு விலக்குத் தேடவில்லை. வேறு மருந்தோடு கலந்து உருத்தெரியாமல் போன சாராயத்துக்கும், உயிர் காக்க வேறு வழியற்ற நிர்ப்பந்தத்துக்கும் பிக்ஹு நூல்கள் வேறு விளக்கம் தருகின்றன. இன்று புட்டிகளில் வரும் மருந்துகளைப் பற்றி ஐயம் உள்ளவர்கள் தாமே முடிவு செய்யாமல் தங்கள் ஊர் ஆலிமிடமும் மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

துல்கஃதா பிறை 21, கி.பி. 1288 டிசம்பர் 17, வெள்ளிக்கிழமை விடியற்காலையில் அன்னார் வபாத்தானார்கள். மனைவி மக்கள் இல்லை. பளிங்கு பதித்த அந்த வீட்டையும், தம் நூல்கள் அனைத்தையும், உடைமைகளையும் மன்ஸூரி மருத்துவமனைக்கே வக்பாக எழுதி வைத்திருந்தார்கள்.